அமெரிக்கக் கறுப்பின விவசாயிகள்: நிலம், கடன், கூட்டுறவு – பணம் வந்த வழியும் நின்ற வழியும்

அமெரிக்க விவசாயம் என்றதும் ஆயிரம் ஏக்கர் பண்ணையும் ராட்சத அறுவடை இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். அதே நாட்டின் தென் மாநிலங்களில் 40 ஏக்கர், 80 ஏக்கர் வைத்துக்கொண்டு, பயிர்க்கடனுக்காக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் நிலத்தையே இழந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவர்கள் கறுப்பின விவசாயிகள். 1920-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில், வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களையும் சேர்த்து, 9,25,000-க்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் இருப்பவர்கள் சுமார் 46,700 பேர். அந்நாட்டு விவசாயிகளில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. முன்பு ஒரு பண்ணைக்கு ஒருவரை மட்டும் எண்ணினார்கள், இப்போது ஒரே பண்ணையில் கணவன், மனைவி, பிள்ளை எனப் பலரையும் எண்ணுகிறார்கள். ஆகவே உண்மையான சரிவு இதைவிடப் பெரியது.

இந்தச் சரிவுக்கு மண்ணோ மழையோ மட்டும் காரணமில்லை. கடன் கிடைத்த விதமும், பத்திரம் இருந்த நிலையும் பெரிய காரணங்கள். அதைச் சமாளிக்க அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பணம் திரட்டிய வழிகளில் சில நின்றன, சில விழுந்தன. கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் குழுவோ நடத்துகிறவர்களுக்கு இந்த விவரங்கள் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே தருகிறோம்.

நிலம் வந்ததும் போனதும்

1865-ல் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்க ராணுவத் தளபதி ஷெர்மன் உத்தரவு போட்டார். அதே ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது வாரச் சாகுபடி. நிலம் முதலாளியுடையது. விதை, உணவு, துணி எல்லாம் கடையில் கடன். பருத்தி வந்ததும் கணக்குப் பார்ப்பவரும் முதலாளிதான். ஆண்டு முடிவில் கையில் எதுவும் நிற்காது.

அப்படியிருந்தும் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் கறுப்பினத்தவர் பெயரில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. அரசாங்கக் கடன் உதவியோ வங்கியோ அவர்களுக்கு ஏறக்குறைய இல்லாத காலத்தில் வாங்கிய நிலம் அது.

அரசுக் கடன் ஒழுங்காக வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு மிசிசிப்பி மாநிலத்தின் மைல்ஸ்டன் நல்ல உதாரணம். 1937-ல் வந்த ஒரு சட்டம் குத்தகைதாரர் நிலம் வாங்க 3 சதவீத வட்டியில் 40 ஆண்டு தவணைக் கடனுக்கு வழி செய்தது. அந்தக் காலகட்டத்தில் ஹோம்ஸ் கவுண்டியில் பெருந்தோட்டங்களை அரசு வாங்கி, பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்ட தவணையில் கொடுத்தது. கவுண்டி என்றால் நம் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு. பருத்தி அரவைக்கும் கடைக்கும் அவர்களே கூட்டுறவு அமைத்தார்கள். 1963 ஏப்ரலில் அந்தக் கவுண்டியில் வாக்காளராகப் பதிய முதன்முதலாக நீதிமன்றக் கட்டடத்துக்குப் போன 14 பேரும் மைல்ஸ்டன் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆனால் யாரும் அவர்களை நிலத்தை விட்டு வெளியேற்ற முடியவில்லை. வாரத்துக்கு உழுதவர்கள் ஓட்டுக் கேட்ட மறுநாளே வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நிலம் யார் பெயரில் என்பதன் எடை அங்கே தெரிந்தது.

கடன் மறுக்கப்படவில்லை, தாமதிக்கப்பட்டது

கறுப்பின விவசாயிக்குக் கடன் இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தாமதம் போதுமானதாக இருந்தது. பருத்தியும் நிலக்கடலையும் விதைக்கும் பருவத்துக்கு முன்பே விதை, உரம், டீசல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஏப்ரலில் வர வேண்டிய கடன் ஜூலையில் வந்தால் அது பயிருக்கு உதவாது. வட்டி மட்டும் ஏறும். தாமதமாக விதைத்த பயிர் குறைவாக விளையும். அடுத்த ஆண்டு ‘தவணை கட்டத் தவறியவர்’ என்ற பெயரும் வந்துவிடும். அந்தப் பெயர் வந்தால் அடுத்த கடனும் கிடையாது. நான்கைந்து ஆண்டுகளில் ஜப்தி.

அமெரிக்காவில் அரசு விவசாயக் கடனை உள்ளூர் மட்டத்தில் முடிவு செய்தவை கவுண்டி குழுக்கள். அந்த வட்டார விவசாயிகள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் குழுக்கள்தான். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. தெற்கில் அந்தக் குழுக்களில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்தார்கள். அதே நிலத்தின் மேல் கண் வைத்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரரோ அவருடைய உறவினரோகூடக் குழுவில் இருக்க முடிந்தது. பல மாநிலங்களில் கறுப்பின விவசாயியின் விண்ணப்பத்தை முடிக்க, வெள்ளை விவசாயிக்கு ஆனதைவிட மூன்று மடங்கு நாள் ஆனதாகப் பின்னாளில் நீதிமன்றமே பதிவு செய்தது. கடன் வந்தாலும் சிலருக்கு அது ‘மேற்பார்வைக் கணக்கில்’ போடப்பட்டது. ஒரு மூட்டை உரம் வாங்கவும் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். புகார் கொடுத்தாலோ, 1983-க்குப் பிறகு விவசாயத் துறையில் அவற்றை விசாரிக்கும் பிரிவே செயல்படவில்லை. புகார்கள் வருடக்கணக்கில் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

இதை எதிர்த்து 1997-ல் திமத்தி பிக்ஃபோர்டு என்ற வட கரோலினா விவசாயியும் மற்றவர்களும் விவசாயத் துறை மேல் வழக்குப் போட்டார்கள். 1999-ல் சமரசத் தீர்ப்பு வந்தது. எளிய வழியில் போனவர்களுக்கு 50,000 டாலரும், குறிப்பிட்ட சில அரசுக் கடன்களின் தள்ளுபடியும் என்று முடிவானது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுச் செய்தார்கள். மொத்தமாக ஏறத்தாழ 100 கோடி டாலர் வழங்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மனு ஏற்கப்படப் பாகுபாடு நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. ‘இதே அளவு நிலமும் இதே நிலைமையும் உள்ள வெள்ளை விவசாயி ஒருவருக்குக் கடன் கிடைத்தது’ என்று காட்ட வேண்டும். பக்கத்துக்காரரின் கடன் விவரம் நம் கையில் எப்படி இருக்கும்? அலுவலகத்திடம்தான் இருந்தது. விண்ணப்பம் கொடுத்த தேதிக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்காதவர்கள் பலர். ‘படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு எந்தக் காகிதமும் இல்லை. மூன்றில் ஒருவர் அளவுக்கு மனுக்கள் தள்ளுபடியாயின.

இரண்டு, காலக்கெடு. வழக்கு முடிந்த செய்தியே பல கிராமங்களுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கெடு முடிந்தபின் மனுச் செய்ய அனுமதி கேட்டவர்கள் மட்டும் 60,000-க்கும் மேல். பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக மீண்டும் பல ஆண்டு போராடி, 2010 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் இரண்டாம் கட்டமாக 115 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பணம் கைக்கு வந்தபோது 2013 ஆகிவிட்டது. இதற்குள் இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். 50,000 டாலர் என்பது பெரிய தொகைதான். ஆனால் ஒரு பெரிய டிராக்டருக்கே சரியாகப் போகும். ஏலத்தில் போன 200 ஏக்கரை அது திருப்பி வாங்கித் தராது.

உயில் எழுதாத நிலம்

கடனைவிட அமைதியாக நிலத்தைத் தின்றது இது. நீதிமன்றத்தையும் வக்கீலையும் நம்பாத தலைமுறை பெரும்பாலும் உயில் எழுதாமலே இறந்தது. நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் பாகம் பிரியாமல் பொதுவாக இறங்கியது. இதை அங்கே ‘வாரிசுச் சொத்து’ என்கிறார்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலத்தை வைத்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 80 ஏக்கர். பிள்ளைகள் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள் என்றால் பேரப்பிள்ளைகள் 16 பேர். ஆளுக்கு 16-ல் ஒரு பங்கு, அதாவது 5 ஏக்கர் மதிப்பு. ஆனால் எந்த 5 ஏக்கர் என்று வரப்புக் கிடையாது. ஊரில் இருந்து உழுபவர் ஒருவர். மற்ற 15 பேர் சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், நிலத்தைப் பார்த்தே இராதவர், தன் பங்கை மனை வியாபாரிக்குச் சொற்ப விலைக்கு விற்கிறார். இப்போது அந்த வியாபாரி 80 ஏக்கருக்கும் கூட்டு உரிமையாளர். அவர் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்கிறார். பதினாறாகப் பிரித்தால் யாருக்கும் உதவாது என்று நீதிமன்றம் மொத்தத்தையும் ஏலத்துக்கு உத்தரவிடுகிறது. ஏலத்தில் ரொக்கம் உடனே கட்ட வேண்டும். உழுதுகொண்டிருந்தவரிடம் அது இல்லை. வியாபாரியிடம் இருக்கிறது. சந்தை விலையில் பாதிக்கும் குறைவாக நிலம் அவர் கைக்குப் போகிறது. வக்கீல் செலவும் கிடைத்த பணத்திலேயே கழிந்துவிடும். எல்லாம் சட்டப்படிதான்.

தெளிவான பத்திரம் இல்லாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்காது. அரசுத் திட்டங்களுக்குத் தேவையான பண்ணை எண்ணும் கிடைக்காது. புயலில் வீடு போனாலும் நிவாரணம் கிடைப்பது சிரமம். ஆக நிலம் இருந்தும் இல்லாத நிலைமை.

தீர்வு வந்தது மெதுவாக. சட்டப் பேராசிரியர் தாமஸ் மிட்செல் முன்னின்று எழுதிய மாதிரிச் சட்டம் 2010-ல் வெளியானது. ஜார்ஜியா 2012-லும், அலபாமா 2014-லும், தென் கரோலினா 2016-லும் அதை ஏற்றன. பிறகு மிசிசிப்பி உட்படப் பல மாநிலங்கள் சேர்ந்தன. அதன்படி ஒருவர் விற்பனை கேட்டால், முதலில் நிலத்துக்கு நியாய மதிப்பீடு செய்ய வேண்டும். விற்பனை கேட்டவரின் பங்கை அந்த மதிப்பில் வாங்கும் முதல் உரிமை மற்ற வாரிசுகளுக்கு. அவர்கள் வாங்க முடியாவிட்டால், குடும்பம் எத்தனை காலமாக அங்கே இருக்கிறது, யாருக்கு வீடு போகும் என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். விற்றே தீர வேண்டும் என்றாலும் பொதுவாக நீதிமன்ற வாசல் ஏலம் கூடாது, வெளிச் சந்தையில் நல்ல விலைக்கு விற்க வேண்டும். 2018-ல் வந்த அமெரிக்க விவசாயச் சட்டம் வாரிசுச் சொத்தில் உழுபவர்களும் மாற்று ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெற வழி செய்தது. வாரிசுகளின் பங்கை வாங்கிப் பத்திரத்தைச் சீர்செய்யக் கடன் கொடுக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

கூட்டுறவுகளுக்காக நிதி கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் கிடங்கு, டிராக்டர், குளிர்சாதன வண்டி என்றே பட்டியல் போடுகிறார்கள். தெற்கின் அனுபவத்தைப் பார்த்தால், அந்தப் பட்டியலில் ஒரு வக்கீலின் சம்பளமும் நில அளவையர் கூலியும் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏலத்தில் போன நிலத்தில் கிடங்கு கட்டி என்ன பயன்?

இருபத்திரண்டு சங்கங்கள் சேர்ந்த கதை

1967-ல் தென் மாநிலங்களில் இருந்த 22 கூட்டுறவுகள் ஒன்றாகி ‘தெற்கு கூட்டுறவுகளின் கூட்டமைப்பு’ உருவானது. காய்கறிச் சங்கம், சேமிப்புக் கடன் சங்கம், கைவினைச் சங்கம் எல்லாம் அதில் உண்டு. ஃபோர்டு அறக்கட்டளை போன்றவை ஆரம்ப நிதி கொடுத்தன. 1985-ல் நிலம் காக்கும் அவசர நிதி அமைப்பு ஒன்றும் அதோடு இணைந்தது. அதனால் கூட்டுறவு வேலையும் பத்திர வேலையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அறுபது ஆண்டை நெருங்கியும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

அதே 1967-ல் அலபாமாவில் பத்துக் கவுண்டிகளின் விவசாயிகள் சேர்ந்து தென்மேற்கு அலபாமா விவசாயிகள் கூட்டுறவை ஆரம்பித்தார்கள். பருத்தியை மட்டும் நம்பியிருந்தவர்கள் வெள்ளரி, வெண்டை, தட்டைப்பயறு என்று காய்கறிக்கு மாறினார்கள். மத்திய அரசின் வறுமை ஒழிப்பு அலுவலகம் சுமார் 4 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கியது. மாநில ஆளுநர் லர்லின் வாலஸ் அதைத் தடுத்தார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் போல. வாஷிங்டனில் இருந்த தலைமை அந்தத் தடையை மீறிப் பணத்தைக் கொடுத்தது. பணத்துக்கு ஒரே ஒரு கதவு மட்டும் இருந்திருந்தால் சங்கம் அன்றே முடிந்திருக்கும்.

அலபாமாவின் சம்டர் கவுண்டியில் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட வாரச் சாகுபடியாளர்கள் ‘நிலம் வாங்குவோர் சங்கம்’ அமைத்து, எப்ஸ் என்ற ஊரருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை வாங்கினார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் விற்பனையை நிறுத்தப் பார்த்தும் வழக்காடி வாங்கினார்கள். கூட்டமைப்பின் பயிற்சி மையம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1979-ல் கூட்டமைப்பின் மேல் பண மோசடிப் புகார் கிளப்பப்பட்டு, பர்மிங்காமில் மத்திய அரசு விசாரணை தொடங்கியது. அலமாரி அலமாரியாகக் கணக்குப் புத்தகங்கள் கேட்கப்பட்டன. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு விசாரித்தும் ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நிதி கொடுப்பவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள், ஊழியர்கள் பாதி நேரம் விசாரணைக்கே போனார்கள். பொதுப்பணத்தைக் கையாளும் சங்கம் ரசீதும் தீர்மானப் புத்தகமும் சரியாக வைத்திருக்க வேண்டியது தணிக்கைக்காக மட்டுமல்ல. நமக்கு வேண்டாதவர்கள் ஒருநாள் அதைக் கேட்பார்கள்.

சங்கத்தின் பணம் எப்படிச் சுழலும்?

1922-ல் வந்த ஒரு சட்டப்படி, விவசாயிகள் சேர்ந்து விலை பேசி விற்பது அமெரிக்காவில் ஏகபோகக் குற்றம் ஆகாது. அதன் நிழலில்தான் இந்தச் சங்கங்கள் நடக்கின்றன. ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. லாபம் பங்குத்தொகைக்கு ஏற்பப் பிரிவதில்லை, யார் எவ்வளவு சரக்குப் போட்டார் என்பதற்கு ஏற்பப் பிரியும். ஆண்டு முடிவில் செலவு போக 10,000 டாலர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சரக்கில் பத்தில் ஒரு பங்கு உங்களுடையது என்றால் உங்களுக்கு 1,000 டாலர். அதில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, மீதியை உங்கள் பெயரிலேயே சங்கத்தில் மூலதனமாக வைத்துச் சில ஆண்டு கழித்துத் திருப்புவார்கள். வெளியில் கடன் கிடைக்காத சங்கத்துக்கு இது வட்டியில்லாத சொந்தப் பணம்.

சந்தையிலும் இப்படி ஒரு சிறு மாற்றம் பெரிய வித்தியாசம் செய்தது. ஃபுளோரிடாவின் வடக்கில் சிறு கறுப்பின விவசாயிகள் 1990-களின் நடுவில் ‘புதிய வட ஃபுளோரிடா கூட்டுறவு’ அமைத்தார்கள். காலார்டு என்ற கீரையைக் கட்டுக் கட்டாக மண்டிக்கு அனுப்பாமல், கழுவி நறுக்கிப் பையில் அடைத்து காட்ஸ்டன் கவுண்டிப் பள்ளிகளின் மதிய உணவுக்குக் கொடுத்தார்கள். பள்ளிச் சமையலறையில் கீரை ஆய ஆள் கிடையாது, நறுக்கிக் கொடுத்தால் வாங்குவார்கள் என்று கண்டுகொண்டதுதான் வெற்றி. பெரிய ஆலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கழுவும் தொட்டி, வெட்டும் இயந்திரம், குளிர்சாதன வண்டி, பள்ளி நிர்வாகத்தோடு ஒப்பந்தம், அவ்வளவுதான்.

பன்றி வங்கி

மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுண்டியில் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் 1969-ல் ‘சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவை’ ஆரம்பித்தார். அவரே பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்தவர். வாக்காளராகப் பதியப் போனதற்காக 18 ஆண்டு வேலை செய்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர். பசித்தவனை மிரட்டுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே முதலில் சாப்பாடு. 40 ஏக்கரில் தொடங்கி, பிறகு சுமார் 680 ஏக்கர் வரை விரிந்தது. ஒரு பகுதியில் உறுப்பினர் குடும்பங்களுக்குக் காய்கறி, இன்னொரு பகுதியில் நிலத் தவணை கட்டப் பருத்தியும் சோயாவும்.

அதில் நீடித்த பெயர் பெற்றது பன்றி வங்கி. நீக்ரோ பெண்கள் தேசிய மன்றம் கொடுத்த பன்றிகளைக் கொண்டு தொடங்கினார்கள். சினைப் பன்றியை ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். ஈன்ற குட்டிகளை அந்தக் குடும்பம் வளர்த்துக்கொள்ளும். சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஆட்டை வாரத்துக்கு விடுவது தெரிந்தவர்களுக்கு இது புரியும். வித்தியாசம், இங்கே முதலாளி கிடையாது, குட்டி திரும்புவது பொதுவுக்கு. வட்டியில்லை, அடமானம் இல்லை, படிவம் இல்லை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பன்றிகள் பெருகின.

பண்ணையின் மற்ற பகுதி நிற்கவில்லை. உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர்தான். அதையும் கட்ட முடியாத குடும்பங்கள்தான் அதிகம். ஆகவே நிலத் தவணை, வரி, கூலி எல்லாம் வெளியூர் நன்கொடையையும் ஹேமரின் மேடைப் பேச்சு வருமானத்தையும் நம்பியிருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் வந்தன. அவருக்கு உடல் நலம் கெட்டது. அவர் பயணம் நின்றதும் பணமும் நின்றது. 1976-ல் நிலம் கையை விட்டுப் போனது. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். நிலத்தை வாங்கப் பணம் கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆண்டுதோறும் வரி கட்டவும் மேலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் நிலையான வழி ஏற்படவில்லை. நன்கொடையில் நடக்கும் எந்தப் பண்ணைக்கும் இந்த ஓட்டை உண்டு.

கிராமதானம் ஜார்ஜியாவுக்குப் போனது

நம்மூர்த் தொடர்பு ஒன்று இங்கே வருகிறது. வினோபா பாவே தொடங்கிய கிராமதான இயக்கம், தமிழ்நாட்டில் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் பாடுபட்ட இயக்கம், அமெரிக்காவிலும் சிலரை யோசிக்க வைத்தது. நிலம் ஊருக்குப் பொது, உழும் உரிமை குடும்பத்துக்கு என்ற எண்ணத்தை அங்கே எடுத்துச் சென்றவர்களில் ராபர்ட் ஸ்வான் ஒருவர். 1968-ல் அவரும் ஜார்ஜியாவின் கறுப்பினத் தலைவர்களும் இஸ்ரேலுக்குப் போய்க் கூட்டுப் பண்ணைகளையும் நீண்ட காலக் குத்தகை முறையையும் பார்த்து வந்தார்கள். 1969-ல் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் தம்பதியரும் மற்றவர்களும் ஜார்ஜியாவின் லீ கவுண்டியில் ‘புதிய சமுதாயங்கள்’ என்ற அமைப்பின் பெயரில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் அறக்கட்டளையிடம். குடும்பங்களுக்கு நீண்ட காலக் குத்தகை. தனி ஆள் விற்க முடியாது. வாரிசுகளுக்குள் சிதறவும் முடியாது. அமெரிக்காவில் பின்னாளில் நூற்றுக்கணக்கில் வந்த சமுதாய நில அறக்கட்டளைகளுக்கெல்லாம் இதுதான் முன்னோடி.

நிலக்கடலை, சோளம், காய்கறி, பன்றி, சாலையோரக் கடை என்று பண்ணை நடந்தது. ஆனால் நிலத்தின் மேல் பெரிய கடன் இருந்தது. எதிர்பார்த்த அரசு நிதி மாநில எதிர்ப்பால் வரவில்லை. எழுபதுகளில் தொடர்ந்து வறட்சி. சுற்றியிருந்த வெள்ளைப் பண்ணைகளுக்குக் கிடைத்த அவசர வறட்சிக் கடன் இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1985-ல் மொத்த நிலமும் ஜப்தியானது.

ஷெராட் தம்பதியர் விடவில்லை. பிக்ஃபோர்டு தீர்ப்பின் கீழ் மனுச் செய்து, 2009-ல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள். பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் 2011-ல் ஆல்பனி நகருக்கு அருகே, ஒருகாலத்தில் அடிமைகளைக் கொண்டு நடந்த 1,638 ஏக்கர் பெருந்தோட்டத்தை வாங்கினார்கள். அங்கே இப்போது பீக்கன் கொட்டை மரங்களும் சாட்சுமா ஆரஞ்சும் நிற்கின்றன. விவசாயிகளுக்குப் பயிற்சியும் நடக்கிறது.

இன்றைய நிதியும் அதன் நிபந்தனைகளும்

1990-க்குப் பிறகு சிறுபான்மை விவசாயிகளைத் தேடிப் போய்ப் பயிற்சியும் விண்ணப்ப உதவியும் தரும் அமைப்புகளுக்கு ‘2501’ என்ற திட்டத்தின் கீழ் அரசு பணம் கொடுத்து வந்தது. அந்த ஆண்டின் விவசாயச் சட்டத்தில் அது 2501-ஆவது பிரிவு, அதனால் அந்தப் பெயர். 2013 முதல் சிறு கடன் திட்டம் வந்தது. குறைந்த காகிதத்தோடு 50,000 டாலர் வரை கிடைக்கும். டஸ்கீகி போன்ற 19 கறுப்பின வேளாண் கல்வி நிறுவனங்களும் விரிவாக்கப் பணி செய்கின்றன. ஆனால் 1987 முதல் 2020 வரை 16 மாநிலங்கள் இந்த வகைக் கல்லூரிகளுக்குத் தர வேண்டியதில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்ததாக 2023-ல் மத்திய அரசே அந்த மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

நிபந்தனைகளைப் பாருங்கள். விளைபொருளை மதிப்புக் கூட்டி விற்க உதவும் மானியத்தில் அரசு ஒரு டாலர் கொடுத்தால் சங்கமும் ஒரு டாலருக்கு ஈடு காட்ட வேண்டும். நிலவளப் பாதுகாப்பு, நிழல் கூடாரம் போன்றவற்றில் பெரும்பாலும் முதலில் சொந்தப் பணத்தைப் போட்டு வேலையை முடித்தபின்தான் மானியம் வரும். கைப்பணம் இல்லாதவருக்கு அந்த மானியம் பெயருக்குத்தான். இதனால் பின்தங்கிய விவசாயிகளுக்குப் பாதித் தொகையை முன்பணமாகத் தரும் விதி 2018 சட்டத்தில் வலுப்படுத்தப்பட்டது. இன்னொரு வழி, சங்கத்துக்கென்று ஒரு சுழல்நிதி வைத்து, மானியம் வரும்வரை உறுப்பினருக்குக் கைமாற்றுத் தருவது. மிசிசிப்பியில் தோன்றிய ஹோப் கடன் சங்கம் போன்றவையும், 2017-ல் நியூயார்க் பகுதியில் தொடங்கிய கறுப்பின விவசாயி நிதியமும் இந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கின்றன. இரண்டாவதில் கடனையும் மானியத்தையும் கலந்து கொடுக்கிறார்கள். யாருக்கு என்று முடிவு செய்வதில் விவசாயிகளும் உணவுத் தொழில் செய்வோருமே அமர்கிறார்கள். கவுண்டி குழுக்களின் பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அரசு அறிவிப்பை நம்பிச் செலவு செய்வதில் உள்ள ஆபத்தை 2021 காட்டியது. கொரோனா நிவாரணச் சட்டத்தில் கறுப்பின, பிற சிறுபான்மை விவசாயிகளின் கடன் தள்ளுபடிக்கு 400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பாக்கியில் 120 சதவீதம் தருவதாகக் கடிதமும் வந்தது. வெள்ளை விவசாயிகள் சிலர் வழக்குப் போட, ஜூன் மாதமே நீதிமன்றங்கள் நிறுத்தி வைத்தன. 2022 ஆகஸ்டில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. அதற்குப் பதில் இன அடையாளம் குறிப்பிடாமல், நெருக்கடியில் இருக்கும் கடன்காரர்களுக்கு 310 கோடியும், அரசுக் கடனில் எந்த வகையிலாவது பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு 220 கோடியும் ஒதுக்கினார்கள். இரண்டாவதிலிருந்து 2024 ஜூலையில் 43,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 200 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. மிசிசிப்பி, அலபாமாவில்தான் பெற்றவர்கள் அதிகம். பண்ணை நடத்தியவர்களுக்கு 10,000 முதல் 5 லட்சம் டாலர் வரை. நடத்த முயன்று கடன் கிடைக்காமல் போனவர்களுக்கு 3,500 முதல் 6,000 வரை. 2025 ஜூலையில் விவசாயத் துறை இன, பாலின அடிப்படையிலான முன்னுரிமைகளைத் தன் திட்டங்களிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே அங்கே இப்போது சங்கங்கள் உறுப்பினர் பணத்தையும் தனியார் நிதியையும்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஒரு சங்கத்துக்காக எந்த நிதிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றாலும், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் முன்னதாக வருமா, வேலை முடிந்தபின் வருமா? விதைப்புக்கு முன் வருமா? நம் பங்காக எவ்வளவு காட்ட வேண்டும், உழைப்பைப் பங்காகக் கணக்கில் எடுப்பார்களா? வாங்கும் இயந்திரம் யார் பெயரில் பதிவாகும், சங்கம் கலைந்தால் அது யாருக்கு? மூன்றாம் ஆண்டு மேலாளர் சம்பளம் எதிலிருந்து? விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, அதிகாரியின் பதவி, சொன்ன காரணம், உடன் வந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்படி ஒரு நோட்டு இல்லாததால்தான் 1999-ல் எத்தனையோ பேரின் மனு நிற்கவில்லை.